பிரெஸ்ட்விச் தெரு எலும்புகள்: ஆராய விட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

கேப் டவுனுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இந்த விஷயம் மண்டையைக் குடைகிறது. ஆபீஸில் பேச்செடுத்தால் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நம் குழுவில் வரலாறு படித்தவர்களும் டாக்டர்களும் இருப்பதால் இங்கே போடுகிறேன்.

2003 மே மாதம், கிரீன் பாயிண்ட் பகுதியில் பிரெஸ்ட்விச் தெருவை ஒட்டிய மனையில் சொகுசு அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். எலும்பு வந்தது. ஒன்றிரண்டு இல்லை, தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2,500 பேருக்கு மேல். கல்லறைக்கல் இல்லை, பெயர் இல்லை, ஒருவர் மேல் ஒருவராகக்கூடப் புதைத்திருந்தார்கள். டச்சுக் கம்பெனிக் காலத்தில் ஊர் எல்லைக்கு வெளியே இருந்த ஏழைகளின், அடிமைகளின் இடுகாடு அது.

இங்கே 1999-இல் வந்த மரபுவளச் சட்டப்படி, 60 ஆண்டுக்கு மேல் பழைய புதைகுழி என்றால் பொதுமக்களைக் கலந்துகொள்ள வேண்டும். அதற்கு 60 நாள் ஒதுக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒருபக்கம் கருத்துக் கேட்பு நடக்கும்போதே இன்னொரு பக்கம் ‘மீட்பு’ என்ற பெயரில் எலும்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை 29 அன்று செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். தோண்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, செப்டம்பர் 1 அன்று மறுபடி அனுமதி கொடுத்தது மரபுவள அமைப்பு. மூன்றே நாளில் ‘பிரெஸ்ட்விச் தெருவில் கை வைக்காதே’ என்று ஒரு போராட்டக் குழு கிளம்பியது. மேல்முறையீடு, அமைச்சர் வரை முறையீடு, எல்லாம் போயிற்று. 2004 ஏப்ரலில் எலும்புகளை ஊர்வலமாக எடுத்துக்கொண்டுபோய் உட்ஸ்டாக் பகுதியில் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வைத்தார்கள். அடுக்குமாடி எழும்பிவிட்டது. எலும்புகளுக்கு 2008-இல் பக்கத்திலேயே ஒரு நினைவில்லம் கட்டினார்கள்.

போராட்டக்காரர்கள் தோற்றாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எலும்புகளை விஞ்ஞானிகள் ஆராயக் கூடாது என்றார்கள். நினைவில்லத்துக்குள் எண் போட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பூட்டிய கதவுக்கு இப்பால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவர்கள் யார், எந்த ஊர், எப்படிச் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத் தாங்களே மூடிவிட்டார்களா? இல்லை, அவர்கள் செய்ததுதான் சரியா?

வரலாற்றுப்பித்தன்

நல்ல இழை. பின்னணி தெரியாதவர்களுக்காக கொஞ்சம்.

கேப்பில், அதாவது இன்றைய கேப் டவுன் பகுதியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கால் வைத்தது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்கும் இடம். வேலை செய்ய ஆள் இல்லை என்று அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1652-லிருந்து 1808 வரை சுமார் 63,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஏறத்தாழ கால்பங்கு ஆப்பிரிக்கக் கண்டம், அதிலும் மொசாம்பிக் பக்கம். கால்பங்கு மடகாஸ்கர். இந்தோனேசியத் தீவுகள் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. மிச்சக் கால்பங்கு இந்தியத் துணைக்கண்டம்: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை.

அடிமை வணிகம் என்றாலே அட்லாண்டிக், அமெரிக்கப் பருத்திக்காடு என்று நம் மனசில் பதிந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில் நடந்ததை யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் டச்சுக்காரன் மிளகும் துணியும் வாங்கினான் என்று ஒரு வரி. முடிந்தது.

கேப் டவுனில் கம்பெனி அடிமைகளை அடைத்துவைத்த கட்டடம் 1679-இல் கட்டியது. இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. தோட்டங்களிலும் வீடுகளிலும் தனியார் வைத்திருந்த அடிமைகள் வேறு. தேவாலய இடுகாடு தேவாலயத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள், அதாவது அடிமைகள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்கள், கப்பலிலிருந்து நோயோடு இறங்கிச் செத்த மாலுமிகள், தூக்கில் போட்டவர்கள், எல்லோரும் ஊருக்கு வெளியே கடற்கரை மணலில். தூக்குமேடைக் குன்று அந்தப் பக்கம்தான். ஆகவே பிரெஸ்ட்விச்சில் கிடைத்த அத்தனை பேரும் அடிமைகள் என்று சொல்ல முடியாது. ஏழை வெள்ளைக்காரனும் அங்கே இருப்பான்.

நாகை_மீரான்

> இந்தியத் துணைக்கண்டம்: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை

அண்ணே, இந்த இடத்தில் எங்கள் ஊரையும் சொல்லியிருக்க வேண்டும். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அடுத்த வருஷமே தஞ்சைச் சீமையில் பஞ்சம். பீஜப்பூர்ப் படை வந்து சூறையாடியதில் விளைச்சல் போயிற்று. சோற்றுக்கு வழியில்லாமல் ஜனங்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையும் விற்றுக்கொண்டார்கள். 1659-லிருந்து 1661-க்குள் இந்தக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை கப்பலேறியதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

காவிரிப் படுகையில் பிறந்தவன் சோற்றுக்காக விலைபோனான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரலாற்றுப்பித்தன்

மீரான், அந்தப் பஞ்சத்தில் போனவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்குப் போனவர்கள். கொஞ்சம் பேர் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), மலாக்கா. கேப்புக்கு நம் கரையிலிருந்து வந்தவர்கள் வேறு வழிகளில், வேறு வருஷங்களில், சிறுகச் சிறுக வந்தார்கள். கம்பெனி அதிகாரிகள் ஊர் திரும்பும்போது வீட்டு வேலைக்காரர்களாகக் கூட்டிவந்து கேப்பில் விற்றுவிட்டுப் போவது சர்வசாதாரணம். நெதர்லாந்து மண்ணில் அடிமை வைத்துக்கொள்ள முடியாது, இங்கே நல்ல விலை கிடைக்கும். பழைய ஏலப் பட்டியல்களில், சொத்துக் கணக்குகளில் ‘வான் பெங்கால்’, ‘வான் மலபார்’, ‘வான் கொரமாண்டல்’ என்று பெயருக்குப் பின்னால் ஊரைப் போட்டு எழுதியிருப்பார்கள். சொந்தப் பெயர் போயே போச்சு. அந்தோணி, ரேச்சல், அல்லது ஏப்ரல், செப்டம்பர் என்று மாதப் பெயர். அந்த மாதப் பெயர்கள் இன்றைக்கும் கேப் டவுனில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. கடலோடி ஆபீஸில் ஒரு செப்டம்பரோ பிப்ரவரியோ கட்டாயம் இருப்பார்.

கடலோடி

இருக்கிறார். ஹெச்.ஆரில் ஒரு மிஸ்டர் செப்டம்பர். அவர் ஆராயக் கூடாது கட்சி.

மூட்டு_டாக்டர்

நான் எலும்பு டாக்டர், வரலாறு தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எலும்பு பேசும். பல் அதைவிட நன்றாகப் பேசும். பல் சின்ன வயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். எலும்பு அப்படியில்லை, வாழ்நாள் முழுக்கக் கரைந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் பல்லில் இருக்கும் கரிமத்தையும் நைட்ரஜனையும் எலும்பில் இருப்பதோடு ஒப்பிட்டால், சிறுவயதில் என்ன சாப்பிட்டார், கடைசிக் காலத்தில் என்ன சாப்பிட்டார் என்று தனித்தனியாகத் தெரியும். கம்பு, சோளம், கேழ்வரகு போன்ற வெப்பமண்டலத் தானியம் ஒரு மாதிரித் தடயம் விடும். நெல், கோதுமை வேறு மாதிரி. கடல்மீன் இன்னொரு மாதிரி.

இதே கேப்பில் ஒரு உதாரணம் உண்டு. ஃபெர்கெலெகன் என்று ஒரு பழைய பண்ணை, கவர்னர் வில்லம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் 1700-இல் தொடங்கியது. அங்கே அடிமைகள் தங்கிய கட்டடத்தின் தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தது. நடுவயதைத் தாண்டியவர். பல்லை ஆராய்ந்தபோது வெப்பமண்டலத்தில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. எலும்பில் வேறு கதை. வளர்ந்தபின் கடல்மீன் நிறையச் சாப்பிட்டிருக்கிறார். கேப்பில் அடிமைகளுக்கு மலிவாகப் போட்டது மீன்தான். ஒரு காகிதத்திலும் இல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை, எங்கோ வெயில் ஊரில் பிறந்து, கடல் கடந்து, அடுத்தவன் பண்ணையில் மீன் தின்று முடிந்த வாழ்க்கை, இரண்டு துண்டு மாதிரியிலிருந்து கிடைத்திருக்கிறது.

பிரெஸ்ட்விச்சில் 2,500 பேர். அதில் தஞ்சாவூர்க்காரன் இருந்தானா என்று இங்கே உட்கார்ந்து ஊகிக்கிறோம். ஆராய விட்டிருந்தால் ஓரளவாவது தெரிந்திருக்கும். அட்டைப்பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவர்களுக்கு என்ன மரியாதை?

ஊர்க்குருவி

அட்டைப்பெட்டியை விடுங்கள் டாக்டர். அந்த நினைவில்லத்தின் முன்பகுதியில் காபிக்கடைக்கு இடம் கொடுத்த கதை தெரியுமா? 2010 உலகக்கோப்பை சமயம். ஊர் நடுவிலிருந்து மைதானத்துக்கு ரசிகர்கள் நடந்துபோன பாதை அந்தக் கட்டடத்தை ஒட்டித்தான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எலும்புப் பெட்டி, இந்தப் பக்கம் கேக்கும் காபியும்.

டர்பன்_மருமகள்

காபிக்கடை சமாச்சாரத்தில் இங்கே உள்ளவர்களிடமே இரண்டு பேச்சு உண்டு. கடை இல்லையென்றால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு ஈ காக்கை நுழையாது, காபி குடிக்க வருபவனாவது சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பான் என்று சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. பராமரிப்புக்கு நகராட்சி காசு ஒதுக்காமல் வாடகையில் ஓட்டப் பார்த்ததற்கு இது சாக்கு.

நான் சொல்ல வந்தது வேறு. கும்பகோணத்தில் பிறந்து டர்பனில் வாக்கப்பட்டவள் நான். மாமனார் வீட்டார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த வம்சம். இங்கே 1860 நவம்பர் 16 பெரிய நாள். மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்த நாள். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் வரலாறு அன்றைக்குத்தான் தொடங்கியதாக எல்லா மேடையிலும் பேசுவார்கள். அதற்கு 200 வருஷம் முன்னாலேயே கேப்பில் இந்தியர்கள் இருந்தார்கள் என்று நான் சொன்னால் மாமனார், ‘அவங்க வேற’ என்பார்.

ஏன் வேற? அவர்கள் மதம் மாறினார்கள், கலந்துபோனார்கள், நிறவெறி அரசு அவர்களைக் ‘கலர்டு’, அதாவது கலப்பினத்தார், என்ற பட்டியலில் போட்டது. நம்மவர்களை ‘இந்தியன்’ பட்டியலில். அரசாங்கம் போட்ட கோடு, அதை நாங்களே பிடித்துக்கொண்டிருக்கிறோம். கூலியாக வந்தது கௌரவம், அடிமையாக வந்தது அசிங்கம் என்று ஒரு நினைப்பும் உள்ளே இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் டாக்டர் ஐயா, சோழமண்டல எலும்பு கிடைத்தது என்று அறிக்கை வந்தால் உரிமை கொண்டாட இங்கிருந்து எத்தனை பேர் போவார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கடலோடி

அக்கா, இது எனக்குப் புதுசு.

டாக்டருக்கு ஒரு பதில். மிஸ்டர் செப்டம்பரிடம் நீங்கள் சொன்ன பல் விஷயத்தை அப்படியே சொன்னேன். அவர் கேட்டது இது: கட்டடக்காரனுக்கு மனை வேண்டும், விஞ்ஞானிக்கு மாதிரி வேண்டும், ரெண்டு பேருக்கும் முதலில் எலும்பு வெளியே வரவேண்டும். எலும்பை எடுக்காதே, அந்த மனையையே இடுகாடாக விடு என்று நாங்கள் கேட்டோமே, அதை ஏன் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை?

அவர் குடும்பம் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த குடும்பம். நிறவெறிக் காலத்தில் குடியிருப்புச் சட்டம் போட்டுக் காலி செய்து ஊருக்கு வெளியே மணல்காட்டில் குடியமர்த்தினார்கள். உயிரோடு இருந்தவர்களை விரட்டிவிட்டு, அந்த இடம் விலை ஏறியதும், செத்தவர்களையும் காலி செய்கிறார்கள் என்பது அவர் பார்வை.

இன்னொன்று, சாரா பார்ட்மன். கொய்கொய் பெண். லண்டனிலும் பாரிஸிலும் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். செத்தபின் அறுத்து, எலும்புக்கூட்டையும் உடல் உறுப்புகளையும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். எல்லாம் அறிவியல் பெயரில். 2002-இல்தான் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 9 அன்று ஹாங்கி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். அதற்கு ஒன்பது மாதம் கழித்து பிரெஸ்ட்விச்சில் எலும்பு வருகிறது. உடனே பல்கலைக்கழகக்காரர்கள் ஆராய வேண்டும் என்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

மூட்டு_டாக்டர்

இருநூறு வருஷத்துக்கு முந்தைய விஞ்ஞானி செய்த அயோக்கியத்தனத்துக்கு இன்றைய விஞ்ஞானி பொறுப்பா? அப்படிப் பார்த்தால் பிணம் திருடித்தான் உடற்கூறியலே வளர்ந்தது, மருத்துவக் கல்லூரிகளை மூடிவிடலாமா?

ஆராய்ந்தால் அவமரியாதை என்பது பொய் என்று காட்ட நியூயார்க் ஒன்று போதும். அங்கே 400-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை முழுசாக ஆராய்ந்தார்கள், கறுப்பின மக்கள் விருப்பத்தோடு. விவரம் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

சாந்தி_நியூஜெர்சி

என் ஆபீஸ் அந்த இடத்துக்குப் பக்கம் என்பதால் ஓரளவு தெரியும். டாக்டர் சொல்கிற மாதிரி சுமுகமாக நடக்கவில்லை. அடிதடி இல்லாத குறைதான்.

கீழ் மன்ஹாட்டனில் பிராட்வே 290-ஆம் எண், 34 மாடி அரசு அலுவலகக் கட்டடம். 1755-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அந்த இடத்தில் நீக்ரோக்கள் இடுகாடு என்று போட்டிருக்கிறது. தெரிந்தே வாங்கினார்கள். மேலே கட்டடம் கட்டிக் கட்டி எல்லாம் அழிந்திருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த இடம் பள்ளமாக இருந்ததால் பல அடி மண் போட்டு மேடாக்கியிருந்தார்கள், அது அடியில் இருந்ததைக் காப்பாற்றிவிட்டது. 1991-இல் எலும்பு வர ஆரம்பித்தது. ஒருபக்கம் தொல்லியல் ஆட்கள் தோண்ட, மறுபக்கம் கட்டட வேலை. 1992 பிப்ரவரியில் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு சில புதைகுழிகள் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். அப்போதுதான் ஊர் வெடித்தது.

தெருவில் இறங்கினார்கள், இரவு முழுக்க விழித்திருந்து பிரார்த்தனை செய்தார்கள். அப்போது நியூயார்க் மேயர் டேவிட் டிங்கின்ஸ், அந்த நகரின் முதல் கறுப்பின மேயர். நாடாளுமன்றத்தில் கட்டடத் துறைக்கான துணைக்குழுத் தலைவர் கஸ் சாவேஜ், அவரும் கறுப்பினத்தவர். அரசுக் கட்டடத் துறைக்கு இனிப் பைசா கிடையாது என்று அவர் மிரட்டியபிறகுதான் தோண்டல் நின்றது. எலும்புகள் ஆரம்பத்தில் இருந்தது வேறொரு தடயவியல் குழுவிடம். அவர்களிடமிருந்து பிடுங்கி, வாஷிங்டனில் உள்ள கறுப்பின மக்களின் பல்கலைக்கழகமான ஹோவர்டுக்கு, மைக்கேல் பிளேக்கி என்ற மானுடவியலாளர் தலைமையில் கொடுக்க வைத்தார்கள். பிளேக்கி முதலில் செய்தது, சந்ததியாரைக் கூப்பிட்டு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது. எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்று கேள்விகளை அவர்கள்தான் கொடுத்தார்கள். அதற்கு முன் இருந்த குழு, எலும்பு எந்த இனம் என்று அளந்துகொண்டிருந்தது.

என்ன தெரிந்தது? 419 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதி குழந்தைகள். பெரியவர்கள் எலும்பில் தசைநார் ஒட்டும் இடங்கள் பிய்ந்துபோயிருந்தன, சக்திக்கு மீறிச் சுமந்ததால். பெண்கள் எலும்பிலும் அதே. 340 என்று எண் கொடுத்த புதைகுழியில் ஒரு பெண், இடுப்பைச் சுற்றி நூற்றுக்கு மேல் கண்ணாடி மணிகள், சோழியும் உண்டு. பற்களைக் கூராக அராவியிருந்தார்கள். அது ஆப்பிரிக்காவில் பிறந்ததற்கான அடையாளம். அடிமையாக வந்து, அத்தனை வருஷம் கழித்துச் செத்தும், இடுப்பு மணியை யாரும் பிடுங்கவில்லை. அவரோடு இருந்தவர்கள் அதை விடாமல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மற்ற பல குழிகளிலும் துணி சுற்றிக் குத்திய ஊசி, மரப்பெட்டி.

அதுவும் எப்படிப்பட்ட சட்டங்களுக்கு நடுவே! 1697-இல் டிரினிட்டி தேவாலயம் தன் இடுகாட்டில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்றது. 1722-இல் அடிமைகள் இரவில் புதைக்கக் கூடாது என்று சட்டம். 1731-இல் சவ ஊர்வலத்தில் 12 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இன்னொன்று. கூடினால் கலகம் பேசுவார்களாம்.

டாக்டர் பிணத் திருட்டைப் பற்றிச் சொன்னார். அது இங்கேயே நடந்தது. மருத்துவ மாணவர்கள் ராத்திரியில் இந்த இடுகாட்டைத்தான் தோண்டினார்கள். 1788 பிப்ரவரியில் கறுப்பின மக்கள் நகரசபைக்கு மனு கொடுத்தார்கள். யாரும் மதிக்கவில்லை. வெள்ளைக்காரர் பிணமும் காணாமல்போகிறது என்றதும் ஏப்ரலில் டாக்டர்களுக்கு எதிராகப் பெரிய கலவரமே நடந்தது.

2003 அக்டோபரில், கானாவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்து, வாஷிங்டனிலிருந்து ஊர் ஊராக நிறுத்தி அஞ்சலி செலுத்திக் கொண்டுவந்து அதே இடத்தில் திரும்பப் புதைத்தார்கள். இப்போது தேசிய நினைவிடம்.

மூட்டு_டாக்டர்

நன்றி சாந்தி. என் வாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆராய்ந்தார்கள், தெரிந்துகொண்டார்கள், மரியாதையோடு அதே மண்ணில் வைத்தார்கள். கேப் டவுனில் இதில் எதுவுமே நடக்கவில்லை. ஆராயவும் இல்லை, புதைக்கவும் இல்லை.

வரலாற்றுப்பித்தன்

டாக்டர், சாந்தி எழுதியதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

நியூயார்க்கில் ஆராய்ச்சி நடக்கும் முன் என்ன நடந்தது என்று பாருங்கள். எலும்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் போராடி மாற்றினார்கள். ஆய்வுக்கூடம் எங்கே, தலைவர் யார், கேள்வி என்ன, எப்போது திரும்பப் புதைப்பது, எல்லாவற்றிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. அவர்களிடம் ஒரு மேயர் இருந்தார், நிதியைப் பூட்டக்கூடிய ஒரு எம்.பி. இருந்தார், சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன்பிறகு, சரி, ஆராயுங்கள் என்றார்கள்.

கேப் டவுனில் அந்த ஜனங்களிடம் என்ன இருந்தது? மனை கைமாறிவிட்டது. தோண்டாதே என்றார்கள், தோண்டினார்கள். அனுமதி கொடுக்காதே என்றார்கள், கொடுத்தார்கள். 2004 ஜூலையில் அமைச்சரும் முறையீட்டைத் தள்ளிவிட்டார். வரிசையாக எல்லாக் கதவும் மூடியபின் அவர்கள் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ‘மாட்டேன்’. ஆராய்ச்சிக்குத் தர மாட்டேன். அதையும் கொடுத்துவிட்டிருந்தால் அவர்கள் கேட்டதில் ஒன்றுகூட நிறைவேறியிருக்காது. இதை அறிவியல் வேண்டாம் என்ற மூடத்தனம் என்று நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கு அது பேரத்தில் கடைசிப் பொருளைக் கையைவிட்டு விடாதவன் செயலாகத் தெரிகிறது.

என்னைக் கேட்டால் ஆய்வுக்கு நான் எதிரி இல்லை. நாளைக்கே அந்தச் சந்ததியார் ஒரு குழு போட்டு, பிளேக்கி மாதிரி ஒருவரைக் கூப்பிட்டு, எங்களுக்கு இன்னின்ன தெரிய வேண்டும் என்று கேட்டால் செய்யட்டும். பெட்டிகள் அங்கேதானே இருக்கின்றன.

நாகை_மீரான்

பித்தன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே கேப் டவுனில் சிக்னல் மலைச் சரிவில் தானா பாரு என்று ஒரு முஸ்லிம் இடுகாடு. அடிமைகளாகவும் கைதிகளாகவும் வந்த முஸ்லிம்களும் அவர்கள் பிள்ளைகளும் அடங்கிய இடம். 1886 ஜனவரியில் சுகாதாரச் சட்டம் என்று சொல்லி அரசு அதை மூடியது. இரண்டே நாளில் சுமார் 3,000 பேர் ஒரு குழந்தையின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய், தடையை மீறி அங்கேயே அடக்கினார்கள். போலீஸோடு மோதல், கைது, ஜெயில். ஆக, இடுகாட்டுக்காகத் தெருவில் இறங்குவது அந்த ஊருக்குப் புதிது இல்லை.

எங்கள் மார்க்கத்தில் அடக்கிய உடலைத் தோண்டுவது பெரிய காரியம். எந்தக் கருவி, எந்த மாதிரி என்பதெல்லாம் அப்புறம். முதலில் கேட்டீர்களா என்பதுதான்.

சிங்கத்தமிழன்_77

எதுக்கு இந்த ஆப்பிரிக்கா அமெரிக்கா பஞ்சாயத்து? நம்ம ஊர்ல பேச விஷயமே இல்லையா? வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு நாம ஏன் ஒப்பாரி வைக்கணும்?

டர்பன்_மருமகள்

தம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலில் ஏற்றியது வெள்ளைக்காரன். கரைவரைக்கும் பிடித்துவந்து விற்றது உள்ளூர்த் தரகன். நம் ஊரில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் ஓலை எழுதி விற்றிருக்கிறார்கள். பேச விஷயம் நிறையவே இருக்கிறது, தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

இழைக் கண்காணிப்பாளர்

தலைப்பை விட்டு விலக வேண்டாம். ஓலை விற்பனை பற்றித் தனி இழை தொடங்கினால் இங்கே இணைப்புக் கொடுக்கிறேன்.

ஏரிக்கரையான்

நான் பழவேற்காடு. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடமாக இருந்தது, பிறகுதான் நாகப்பட்டினம். இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று, ஆளும் போயிற்று. கோட்டை இப்போது புதர். ஆனால் டச்சுக்காரர்கள் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை வேலி போட்டுப் பூட்டிப் பாதுகாக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். உள்ளே ஆள் உயரக் கல்பலகைகள். குலச்சின்னம், கப்பல், பூவேலை, டச்சு எழுத்தில் பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் எழுத்தை விரலால் தடவிப் படிக்கலாம். சனி ஞாயிறில் சென்னையிலிருந்து கேமராவோடு வருவார்கள்.

விற்றவனுக்கு எங்கள் ஊரில் பெயரோடு கல்லறை. விற்கப்பட்டவன் கடலுக்கு அந்தப் பக்கம் எண் போட்ட பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் இருக்க வாய்ப்பு உண்டென்றால் எனக்கு டாக்டர் பக்கம்தான் மனசு போகிறது, பித்தன் சார். அங்கே உள்ளவர்கள் ‘எங்கள் முன்னோர்’ என்று சொல்லித் தடுக்கிறார்கள். சரி. கால்பங்கு இந்தியர் என்றால் அதில் எங்களுக்கும் சொல் உண்டா இல்லையா?

வரலாற்றுப்பித்தன்

நியாயமான கேள்வி. ஆனால் என் பதில் இல்லை என்பதுதான்.

விற்றுப்போனவர்களைத் தேடி இங்கிருந்து ஒருவரும் போகவில்லை. அவர்களை வாழவைத்தது, பிள்ளை பெற்று வளர்த்தது, செத்தபின் மணலில் குழி தோண்டியது, பெயர் மறந்தும் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டது, எல்லாம் அங்கே இருந்தவர்கள். நம் கரையில் பிறந்தவனுக்கு அங்கே பிறந்த பேரப்பிள்ளை இருந்தால் அவன்தான் வாரிசு. நாம் வேண்டுமானால் அவனிடம் போய், எங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை, நீங்கள் செய்தால் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

மூட்டு_டாக்டர்

ஏரிக்கரையான் எழுதியதைப் படித்தபின் என் நிலைப்பாடு இன்னும் உறுதியாகிவிட்டது. பித்தன் சொல்லும் பேர அரசியல் புரிகிறது. அது 2004-க்குப் பொருந்தும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடலோர ஈரக்காற்றில் அட்டைப்பெட்டிக்குள் எலும்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பொடியாகும். பிறகு சந்ததியார் மனசு மாறி வந்தாலும் ஆராய ஒன்றும் இருக்காது. ஆராயவே வேண்டாம் என்றால் மண்ணுக்குள்ளாவது வையுங்கள். இரண்டும் இல்லாமல் இப்படி வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கடலோடி

டாக்டர், உங்கள் கடைசி மூன்று வரியை மிஸ்டர் செப்டம்பரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த இழையில் முதன்முறையாக நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம். மண்ணில் வைக்க வேண்டும் என்றுதான் அவர்களும் ஆரம்பத்திலிருந்து கேட்கிறார்களாம், அதுவும் அந்த மனையிலேயே. அடுக்குமாடி நிற்கும் இடத்தில் எங்கே வைப்பது என்று நான் கேட்டேன். அதைக் கட்ட விட்டவர்களிடம் கேள் என்றார்.

பழவேற்காடு கல்லறைத் தோட்டத்தின் படங்கள் கேட்டிருக்கிறார். ஏரிக்கரையான் அண்ணே, வாசல் சிற்பமும் பெயர்ப்பலகைகளும் தெளிவாகத் தெரிகிற மாதிரி நாலைந்து எடுத்துப் போட முடியுமா?

ஏரிக்கரையான்

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சாவி வைத்திருக்கும் காவலர் தெரிந்தவர்தான்.